விண்மீன் யுகத்திலும் துணி துவைப்பது யார்?

பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் நின்ற பேரரசு சரிந்துகொண்டிருக்கிறது. விண்மீன் மண்டலத்தின் ஓர் ஓரத்தில் ஃபவுண்டேஷன் என்ற சின்னஞ்சிறு நாடு. கோரெல் என்ற பகை நாடு அதன் மீது போர் தொடுக்கிறது. ஃபவுண்டேஷனின் தலைவராகிவிட்ட வணிகர் ஹோபர் மாலோ படை திரட்டி எதிரியின் மீது பாயவில்லை. கோரெல்காரர்களுக்கு விற்றிருந்த அணுசக்திச் சாமான்களின் வரத்தை நிறுத்துகிறார், அவ்வளவுதான். அவருடைய கணக்கு எளிது. என்றைக்காவது ஒரு நாள் வீட்டுக்காரியின் கத்தி வெட்டாமல் போகும். அடுப்பு மக்கர் செய்யும். துணி துவைக்கும் எந்திரம் அழுக்கு எடுக்காது. கொளுத்தும் கோடையில் வீட்டைக் குளிர்விக்கும் கருவி நின்றுவிடும். அடுத்து ஆலைகள் படுக்கும். முணுமுணுப்பு முற்றி, போர் தானாக ஓய்ந்துவிடும். அப்படியே ஓய்கிறது.

ஐசக் அசிமோவின் இந்தக் கதை 1944 ஆகஸ்டில் 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்தது. 1951-ல் 'ஃபவுண்டேஷன்' நூலில் சேர்ந்தது. நூல் இன்றும் விற்கிறது, விற்கத் தகுந்ததும்கூட. அரசியலையும் வணிகத்தையும் மதத்தையும் இத்தனை சாமர்த்தியமாகப் பின்னிய விஞ்ஞானக் கதைகள் குறைவு. ஆனால் அந்த முதல் நூலை அட்டை முதல் அட்டை வரை படித்தாலும், பெயரோடு வந்து நாலு வார்த்தை பேசுகிற பெண் ஒருத்திதான்: கோரெல் ஆட்சியாளரின் மனைவி லிசியா. கணவனைச் சொல்லால் குத்திக்கொண்டே இருக்கும் அவளுடைய வாயை, மாலோ கொண்டுவந்த ஒளிவிடும் நகை அடைத்துவிடுகிறது. விண்கலங்கள் ஒளியை மிஞ்சிப் பறக்கின்றன, வாதுமைக் கொட்டை அளவுக்கு அணு உலை சுருங்கிவிட்டது, மக்கள் கூட்டத்தின் எதிர்காலத்தையே கணிதத்தால் கணிக்கிறார்கள். துணி துவைக்கும் வேலை மட்டும் கைமாறவே இல்லை.

இதைச் சுட்டிக்காட்டினால் உடனே ஒரு சமாதானம் வரும்: அந்தக் காலம் அப்படி. எழுதியவர் தன் காலத்தைத் தாண்டிச் சிந்தித்திருக்க முடியுமா, இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய எழுத்தை அளக்கலாமா என்று கேட்பார்கள். வேறு எந்த இலக்கிய வகைக்கும் இந்தச் சமாதானம் ஓரளவு பொருந்தலாம். தன் காலத்தைத் தாண்டிச் சிந்திப்பதையே தொழிலாகக் கொண்ட எழுத்துக்கு இதைச் சொல்வது வேடிக்கை. வேடிக்கையை விட்டுவிட்டாலும், 'அந்தக் காலம்' என்ற அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் அது இவர்களுக்குச் சாதகமாகப் பேசாது.

1944-ல் அசிமோவ் ஃபிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர். சக எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனும் அங்கேதான் வேலை பார்த்தார். அதே வளாகத்தில் வர்ஜீனியா கெர்ஸ்டன்ஃபெல்ட் என்ற பெண், கடற்படை அதிகாரியாகவும் வேதியியலாளராகவும் விமானப் பொருள்களைச் சோதிக்கும் பொறியாளராகவும் இருந்தார். பின்னாளில் ஹைன்லைனை மணந்தவர் அவர். அதே நகரத்தின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்ற அட்டவணைகளைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் 1945-ல் எனியாக் கணினிக்கு நிரல் எழுதத் தேர்வானார்கள். பேரரசுகளின் விதியைக் கணிதத்தால் கணிக்கும் மேதைகளை அசிமோவ் கற்பனை செய்த ஊரில், நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். கதைக்குள் அவர்களில் ஒருத்திக்கும் நாற்காலி இல்லை.

இன்னும் வலுவான சாட்சி, அதே இதழின் அதே ஆண்டுத் தொகுதியிலேயே இருக்கிறது. மாலோவின் சலவை எந்திரம் ஓய்ந்து நான்கே மாதம். 1944 டிசம்பர் 'அஸ்டவுண்டிங்'கில் சி. எல். மூர் எழுதிய 'நோ உமன் பார்ன்' வெளியானது. அரங்கத் தீ விபத்தில் உடல் கருகிய டெய்ட்ரே என்ற நாட்டியத் தாரகையின் மூளையை மட்டும் காப்பாற்றி, மால்ட்சர் என்ற விஞ்ஞானி அவளுக்கு உலோக உடல் செய்து தருகிறார். அவள் மறுபடி மேடை ஏற விரும்புகிறாள். மால்ட்சருக்கும் அவளுடைய பழைய மேலாளர் ஹாரிஸுக்கும் கவலை. அவள் தாங்குவாளா, கூட்டம் ஏற்குமா, அவள் இன்னும் பெண்தானா என்று இரண்டு ஆண்களும் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவளை உருவாக்கியதே குற்றம் என்று மால்ட்சர் உடைந்துபோய் ஜன்னலிலிருந்து குதிக்கத் துணியும்போது, மனிதக் கண் பின்தொடர முடியாத வேகத்தில் பாய்ந்து அவரைத் தடுப்பவள் டெய்ட்ரே. தான் மனிதர்களைவிடக் குறைந்தவள் ஆகிவிடவில்லை, கூடுதலான ஏதோ ஒன்றாகிவிட்டதாக அவள் சொல்கிறாள். அதனால் வரும் தனிமைதான் அவளுடைய கவலை, அழகு போனது இல்லை. உடல், உழைப்பு, தன்னுரிமை, தன்னைச் செய்தவனுக்குத் தான் கடமைப்பட்டவளா என்ற கேள்வி என்று இன்றைக்குப் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் அலசப்படுகிற எல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது. இரண்டு கதைகளையும் ஏற்று வெளியிட்ட ஆசிரியர் ஒருவர்தான், ஜான் டபிள்யூ. கேம்பெல். காலம் ஒன்று, இதழ் ஒன்று, ஆசிரியர் ஒருவர், வாசகர் கூட்டமும் ஒன்று. அப்படியிருக்கக் காலத்தின் மீது எப்படிப் பழி போடுவது?

இன்னும் பின்னே போகலாம். தூரமாகப் போக வேண்டியதில்லை, சென்னை வரை போனால் போதும். 1905-ல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில இதழில் 'சுல்தானாஸ் ட்ரீம்' என்ற கதை அச்சானது. எழுதியவர் ரொக்கையா சகாவத் ஹுசைன். வங்கத்தின் ரங்பூர் பக்கத்தில் கடும் பர்தா கட்டுப்பாடு நிறைந்த ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் கற்றது வீட்டுக்குத் தெரியாமல், அண்ணனிடம். அவர் படைத்த பெண்ணுலகில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் ஆளுகிறார்கள். இது வெறும் இடமாற்றக் கேலி என்று தள்ளிவிட முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரு பொறியியல் காரணம் வைத்திருக்கிறார் ரொக்கையா. ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் பலூன் விட்டு மேகத்திலிருந்தே தண்ணீர் இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது. ஆண்கள் அப்போது படைபலம் பெருக்குவதில் மும்முரம், இந்த ஆராய்ச்சிகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போர் வந்து ஆண்கள் தோற்ற பிறகு, சேர்த்து வைத்த வெயிலைப் பகைவர் மீது திருப்பித்தான் நாடு தப்பிக்கிறது. அங்கே சமையலறையில் புகை கிடையாது, சூரிய வெப்பத்தில் சமையல். அலுவலக வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் பெண்கள் நடுவில் சுருட்டுப் பிடிக்க எழுந்து போவதில்லை. இருபத்தோரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் இல்லை.

கவனிக்க வேண்டியது அந்தச் சமையலறை. தொழில்நுட்பம் மாறினால் வீடும் மாறும், வீடு மாறினால் அதிகாரமும் மாறும் என்பது 1905-லேயே ரொக்கையாவுக்குப் பிடிபட்டிருந்தது. நாற்பது ஆண்டு கழித்து எழுதிய அசிமோவின் உலகில் தொழில்நுட்பம் பேரரசையே மாற்றுகிறது, வீட்டை மட்டும் தொடுவதில்லை. அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைக்கென்றே ஒரு மாத இதழ் பிறக்க 1926 ஏப்ரல் ஆயிற்று. அதற்கு இருபத்தோரு ஆண்டு முன்பே சென்னை அச்சகம் ஒன்றில் இந்தக் கதை அடுக்கப்பட்டுவிட்டது. விஞ்ஞானக் கதையின் வரலாற்றை நியூயார்க்கிலிருந்து தொடங்குகிற வழக்கத்தைத் தமிழ் வாசகர்களாவது கைவிட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அந்த 1926 இதழ் 'அமேசிங் ஸ்டோரீஸ்'. நிறுவியவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக். இன்று தரப்படும் ஹியூகோ விருது அவர் பெயரில்தான். அவர் ஓர் அட்டைப்படத்தைக் கொடுத்து, இதற்கேற்ற கதை எழுதுங்கள் என்று போட்டி வைத்தார். மூன்றாம் பரிசு கிளேர் விங்கர் ஹாரிஸ் என்ற பெண்ணுக்குப் போயிற்று. கதை 1927 ஜூன் இதழில் வந்தது. கூடவே ஆசிரியரின் வியப்புக் குறிப்பும் வந்தது: பெண்களின் கல்வியும் மனப்போக்கும் விஞ்ஞான விஷயத்தில் குறுகியவை என்பதால் அவர்கள் பொதுவாக இவ்வகைக் கதையில் சோபிப்பதில்லை, இவர் விதிவிலக்கு என்ற பொருளில். பரிசையும் குட்டையும் ஒரே கையால் கொடுத்திருக்கிறார் மனிதர். விதிவிலக்கு என்று சொல்லப்பட்டவர் தனியாள் இல்லை. 1926-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளுக்குள் இந்த இதழ்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் எழுதியிருப்பதை ஆய்வாளர் எரிக் லீஃப் டேவின் பட்டியலிட்டுக் காட்டியிருக்கிறார். எழுதினார்கள், அச்சானார்கள். தொகுப்பு நூல் போட்டவர்களும் 'பொற்காலம்' என்று பெயர் சூட்டியவர்களும் அவர்களில் பலரை எடுத்துச் செல்ல மறந்தார்கள்.

பெண்கள் எல்லோரும் ஆண் பெயரில் ஒளிந்துகொண்டார்கள் என்ற பிரபலமான கதையும் பாதிதான் உண்மை. மூர் 'சி. எல்.' என்று போட்டுக்கொண்டது ஆசிரியர்களுக்குப் பயந்து இல்லை. இண்டியானாபொலிஸில் வங்கி வேலையில் இருந்த கேதரின் லூசில் மூர், கதை எழுதிக் காசு பார்ப்பது மேலிடத்துக்குத் தெரிந்தால் பொருளாதார மந்தக் காலத்தில் வேலை போய்விடுமே என்று பயந்தார். 'மிஸ்டர் மூர்' என்று விளித்து ரசிகர் கடிதம் எழுதிய ஹென்றி கட்னர் என்ற எழுத்தாளரை 1940-ல் மணந்துகொண்டார் என்பது அந்த இனிஷியலின் கிளைக்கதை. (நம் ஊரில் இது தலைகீழ். குமுதத்தில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால், எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். தமிழில் விஞ்ஞானக் கதைக்கு முகவரி தந்தது ஒரு பெண் பெயர்தான்.) அட்டைப்படங்களிலும் விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. 1930-களின் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் ஆடை நழுவிய அழகிகளை வரைந்து தள்ளியவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண். அந்தப் படங்கள் இதழை விற்றன, அந்தக் காசு அவர் வீட்டில் அடுப்பெரித்தது. சந்தை எதைக் கேட்டது என்பதற்கு அது சாட்சி. சந்தை கேட்டதைத் தவிர வேறெதையும் தர முடியாது என்பதற்கு இல்லை.

அசிமோவிடம் திரும்புவோம். அவரை வில்லனாக்குவது சுலபம், ஆனால் அவர் கதை அதைவிடச் சுவையானது. பதின்பருவத்தில் 'அஸ்டவுண்டிங்'கின் கடிதப் பகுதியில், விஞ்ஞானக் கதைக்குள் காதலும் பெண்களும் எதற்கு என்று வரிந்துகட்டி எழுதிய வாசகர் அவர். வாசகி ஒருவர் பதிலடி கொடுக்க, இதழ்தோறும் வாக்குவாதம் நீண்டது. பெண்களோடு பழகியே இராத வயது அது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அதே அசிமோவ்தான் 1941-ல் 'லயர்!' கதையில் டாக்டர் சூசன் கால்வினைப் படைத்தார். எந்திரன்களின் உளவியலில் உலகத்திலேயே பெரிய நிபுணர், அறையில் இருக்கும் எல்லா ஆண்களையும்விடப் புத்திசாலி. அந்தக் காலக் கதைகளில் இப்படி ஒரு பெண்ணைக் காண்பது அரிது. ஆனால் அந்த முக்கியமான கதையிலேயே அவளுக்கு என்ன நேர்கிறது? சக ஊழியர் ஒருவர் தன்னைக் காதலிப்பதாக, மனத்தைப் படிக்கும் எந்திரன் சொன்ன பொய்யை நம்பி முகப்பூச்சு பூசிக்கொண்டு வருகிறாள். அவமானப்பட்டதும் அந்த எந்திரனை அதன் தர்க்கத்தாலேயே சிதைக்கிறாள். மூளை இருந்தால் பெண்மை வாடும், பெண்மை தலைதூக்கினால் மூளை தடுமாறும் என்ற பழைய தராசை நூற்றாண்டு தாண்டியும் தூக்கிச் சென்றிருக்கிறார். ஆண் விஞ்ஞானி எவருக்கும் அவர் கதைகளில் அந்தத் தராசு கிடையாது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பேட்டா டாரெல் வந்தாள், மியூல் என்ற சர்வாதிகாரியின் திட்டத்தைக் கடைசி நொடியில் முறியடித்தவள். முடியாதவர் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டைக் கனமாக்குகிறது. ரசிகர் மாநாடுகளில் அவர் பெண்களைக் கிள்ளுவதும் தொடுவதும் பல ஆண்டுகள் நகைச்சுவையாகவே பேசப்பட்டதை எழுத்தாளர் அலெக் நெவாலா-லீ ஆவணப்படுத்தியிருக்கிறார். ஆக, பிரச்சினை காகிதத்தோடு நின்றுவிடவில்லை.

இத்தனைக்கும் மேலே, இந்த மரபின் மனத்தை அப்பட்டமாகக் காட்டும் கதை ஒன்று உண்டு. 1954 ஆகஸ்டில், அதே 'அஸ்டவுண்டிங்'கில் டாம் காட்வின் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்'. தொலைதூரக் கோள் ஒன்றில் காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் சிறிய விண்கலம். எரிபொருள் கணக்காக ஊற்றப்பட்டிருக்கிறது, ஒரு சொட்டு கூடுதல் இல்லை. பத்தாண்டாகப் பார்க்காத அண்ணனைப் பார்க்கும் ஆசையில் மேரிலின் என்ற பதினெட்டு வயதுப் பெண் அதன் அலமாரியில் ஒளிந்துகொள்கிறாள். பிடிபட்டால் அபராதம் போடுவார்கள் என்று நினைக்கிறாள். அவளுடைய எடையோடு கலம் தரையிறங்க முடியாது என்பது பௌதிக விதி. விமானி நல்லவன், வருந்துகிறான், வழியில்லை. அண்ணனோடு வானொலியில் பேசிவிட்டு அவளாகவே வெளிக்கதவு அறைக்குள் போய் நிற்கிறாள். படித்தவர்களால் மறக்க முடியாத கதை இது. இயற்கைக்கு இரக்கம் கிடையாது என்பதற்கு உதாரணமாக இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

ஆனால் பொறியாளர் ஒருவர் இதைப் படித்தால் முதலில் வேறு சில கேள்விகள் எழும். உயிர் காக்கும் பயணத்துக்கு மிகை எரிபொருள் துளியும் வைக்காத வடிவமைப்பை அனுமதித்தது யார்? ஒளிந்து ஏறுபவருக்கு மரணம்தான் தண்டனை என்றால், கதவைப் பூட்டாமல் வெறும் அறிவிப்புப் பலகையை மட்டும் மாட்டியது ஏன்? புறப்படும் முன் அந்த அலமாரியைத் திறந்து பார்க்க ஓர் ஆளுக்கு நேரமில்லையா? சமன்பாடுகள் குளிர்ந்தவையாக இருக்கலாம், அவற்றை எழுதிக்கொடுத்தது ஒரு நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்கும் பின்னால் ஓர் இதழாசிரியர் உட்கார்ந்திருந்தார். காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஏதாவது சாமர்த்தியமான வழி கண்டுபிடித்து அனுப்ப, கேம்பெல் மூன்று முறை திருப்பி அனுப்பினார் என்பது விஞ்ஞானக் கதை உலகில் பலரும் சொல்லும் வரலாறு. பூமியின் பத்திரமான வாழ்க்கையில் வளர்ந்த, விண்வெளியின் விதி அறியாத சின்னப் பெண் என்று கதை அவளைத் திரும்பத் திரும்ப வர்ணிக்கிறது. ஒளிந்து வந்தவன் நடுத்தர வயது ஆணாக இருந்திருந்தால் கதை மூன்றே பக்கத்தில் முடிந்திருக்கும், கண்ணீரும் வந்திருக்காது. எனவே அவளுடைய பால், வயது, அறியாமை எல்லாமே தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டவை. மனிதன் எடுத்த முடிவுக்கு இயற்கை விதியின் சட்டையை மாட்டிவிடுவது இந்தக் கதையின் திறமை. அந்தக் காலப் புனைவுகளில் பெண்களின் இடம் பற்றிய அத்தனை முடிவுகளும் இதே சட்டையில்தான் உலவின.

நிஜ உலகமும் அதே சட்டையை அணிந்தது. அமெரிக்காவில் விண்வெளி வீரராக ஜெட் சோதனை விமானி அனுபவம் கட்டாயம் என்று நாசா வைத்திருந்தது. ஜெட் சோதனை விமானியாகப் பெண்களை ராணுவம் சேர்க்காது. டாக்டர் ராண்டால்ஃப் லவ்லேஸ் தனியாக நடத்திய மருத்துவச் சோதனைகளில் பதின்மூன்று பெண் விமானிகள் தேறியும் கதவு திறக்கவில்லை. 1962 ஜூலையில் நாடாளுமன்றத் துணைக்குழு முன் அவர்களில் ஒருவரான ஜெரி காப் வாதாடினார். பூமியைச் சுற்றிவிட்டு வந்து நாயகனாகியிருந்த ஜான் கிளென்னோ, பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக ஒழுங்கின் உண்மை என்ற தொனியில் சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டே, 1963 ஜூன் 16 அன்று சோவியத்தின் வாலன்டீனா தெரஷ்கோவா தனியாகக் கிளம்பிப் போய்ப் பூமியை 48 முறை சுற்றிவிட்டு வந்தார். அமெரிக்கப் பெண் ஒருவர் விண்வெளிக்குப் போக இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. பௌதிகம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

ஹைன்லைனை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று முடிவு செய்வது கடினம். 1949-ல் அவர் எழுதிய 'டெலைலா அண்ட் தி ஸ்பேஸ் ரிக்கர்' கதையில், கட்டப்பட்டுவரும் விண்வெளி நிலையத்துக்கு ஜி. புரூக்ஸ் மெக்னை என்ற வானொலிப் பொறியாளர் வந்து இறங்குகிறார். பெயரைப் பார்த்து ஆண் என்று எதிர்பார்த்த மேற்பார்வையாளர், பெண் என்றதும் திருப்பி அனுப்பத் துடிக்கிறார். அவர் தோற்றுப்போகிறார், வேலைத்திறன் கூடுகிறது, இன்னும் பெண்களை அனுப்பச் சொல்கிறார். நாசா தயங்கியதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது. அப்படியே முடித்திருக்கலாம், ஆனால் இனிமேல் கல்யாணங்கள் நடக்கும், பாதிரியார் ஒருவரும் தேவைப்படுவார் என்று கதை கண்ணடிக்கிறது. வேலைக்கு வந்த பெண்ணை மணப்பெண்ணாக்காமல் அந்தக் காலத்துப் பேனாவுக்குத் தூக்கம் வராது போலும். தொலைக்காட்சியோ அந்த அளவுக்குக்கூடத் துணியவில்லை. 1962-ல் வந்த 'தி ஜெட்சன்ஸ்' என்ற கார்ட்டூன், நூறாண்டுக்குப் பிந்தைய உலகைக் காட்டியது. கார் பறக்கிறது, வீட்டு வேலைக்கு ரோஸி என்ற எந்திரப் பணிப்பெண். மனைவி ஜேன் வீட்டில், கணவன் ஜார்ஜ் அலுவலகத்தில். 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கடைசி அத்தியாயத்தில், விண்கலத் தலைமை பெண்களுக்குக் கிடைக்காது என்று குமுறும் பெண் விஞ்ஞானி ஒருத்தி, கேப்டனின் உடலையே திருடுகிறாள். பைத்தியக்காரி என்று அவள் கதை முடிகிறது. நிலவில் மனிதன் கால் வைக்க அப்போது ஏழு வாரம்கூட மிச்சமில்லை.

1968-ல் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற புதிய எழுத்தாளர் அச்சில் வந்தார். யாரும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் கடிதத் தொடர்புதான். உளவுத்துறை, துப்பாக்கி, மீன்பிடித்தல் எல்லாம் தெரிந்த ஆள். 1973-ல் அவர் எழுதிய 'தி விமன் மென் டோன்ட் சீ' கதையைச் சொல்பவன் ஓர் ஆண். விமான விபத்துக்குப் பின் மெக்சிகோவின் சதுப்பில் ஒரு தாய், மகளோடு மாட்டிக்கொள்கிறான். அவர்களைத் தான் காப்பாற்றப்போவதாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண்களோ, அங்கே வந்த வேற்றுக்கோள்வாசிகளோடு தங்களையும் கூட்டிப்போகும்படி கேட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்களின் உலகத்தில் இருப்பதைவிட அறியாத வேற்றுயிரோடு போவது மேல் என்று ஒரு பெண் முடிவெடுப்பது அவனுக்குக் கடைசிவரை புரிவதில்லை. 1975-ல் டிப்ட்ரீயின் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய ராபர்ட் சில்வர்பெர்க், இவர் பெண்ணாக இருக்கலாம் என்ற வதந்தியை அபத்தம் என்று ஒதுக்கினார். ஹெமிங்வேயோடு ஒப்பிட்டு, இந்த எழுத்தில் ஆண்மை தவிர்க்க முடியாதபடி இருக்கிறது என்றார். சுமார் இரண்டு ஆண்டுகளில் உண்மை வெளிவந்தது: ஆலிஸ் ஷெல்டன், அறுபதைத் தாண்டிய பெண், சோதனை உளவியலில் முனைவர், ஒரு காலத்தில் நிஜமாகவே சிஐஏ ஊழியர். புனைபெயரை எடுத்தது ஜாம் பாட்டில் ஒட்டுத்தாளிலிருந்து. சில்வர்பெர்க் தன் சறுக்கலைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அவர் ஒருவரின் சறுக்கலாக மட்டும் இதை எண்ணக் கூடாது. ஆண் எழுத்து என்று ஒன்று தனியாக மணக்கும் என்று அந்தத் துறை முழுவதும் நம்பியிருந்தது, டிப்ட்ரீ பத்தாண்டு காலம் அந்த மூக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டார்.

இவ்வளவும் சொல்வது அந்த நூல்களை அலமாரியிலிருந்து இறக்கிப் பரணில் போடுவதற்கு இல்லை. 'ஃபவுண்டேஷனை'ப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கட்டும், 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' பாடத்திலும் இருக்கட்டும். தனியாகக் கொடுக்காமல் இருந்தால் போதும். மாலோவின் கதைக்குப் பக்கத்தில் மூரின் டெய்ட்ரேயும் ரொக்கையாவின் சூரிய அடுப்பும் இருந்தால், பதின்மூன்று வயது வாசகர் தானாகவே கேள்வி கேட்டுக்கொள்வார். தமிழில் பழைய விஞ்ஞானக் கதைத் தொகுப்புகள் போடுகிற பதிப்பகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தொகுப்பாளர்களின் பட்டியலையே நம்பியிருக்கின்றன. அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்பதை ஒருமுறை விசாரித்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பது பெரிய செலவில்லை.

மறுபதிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஊர்சுலா லெ குவின் ஒரு முறையைச் செய்தே காட்டியிருக்கிறார். 1969-ல் அவர் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலின் மக்களுக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாள்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள். ஆனால் அவர்கள் எல்லோரையும் 'அவன்' என்றே எழுதினார் லெ குவின். பெண்ணியர்கள் கேட்டார்கள். 1976-ல் ஒரு கட்டுரை எழுதித் தன் தேர்வுக்கு நியாயம் சொன்னார். 1987-ல் அதே கட்டுரையை மறுபடி வெளியிட வந்தபோது பழைய வாதத்தில் அவருக்கே உடன்பாடில்லை. அவர் பழைய கட்டுரையைத் திருத்தவில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஒரு வரியையும் மறைக்காமல் அச்சிட்டு, எங்கெங்கே தன்னோடு தான் முரண்படுகிறார் என்பதை அங்கங்கே குறிப்பாகச் சேர்த்தார். அசிமோவும் காட்வினும் இன்று இல்லை, அவர்கள் கதைகளுக்கு அப்படிக் குறிப்பெழுத வேண்டியவர்கள் பதிப்பாசிரியர்கள்தான்.